பழைய மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டரை வீட்டு கரண்டில் ஓட்ட முடியுமா? நாஞ்சில் நாட்டு வயரிங் தாங்குமா?

சாயங்காலம் ஆறரை மணி. பக்கத்து வீட்டில் கிணற்று மோட்டாரைப் போடுகிறார்கள். நம் வீட்டு டியூப்லைட் ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு மறுபடியும் எரிகிறது. நாகர்கோவிலிலோ தக்கலையிலோ வளர்ந்தவர்களுக்கு இது புதுசு இல்லை. ‘லோ வோல்டேஜ்’ என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

இதே கதையைப் பெரிதாக்கி அமெரிக்காவில் சொன்னார்கள். 1946-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் உலகுக்குக் காட்டிய எனியாக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பிலடெல்பியா நகரத்து விளக்குகள் எல்லாம் மங்கிப்போகுமாம். எனியாக்கில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன, எடை 30 டன், தின்ற மின்சாரம் 150 கிலோவாட். இதெல்லாம் உண்மை. நகரம் மங்கியது மட்டும் கட்டுக்கதை. அவ்வளவு பெரிய நகரத்துக்கு 150 கிலோவாட் என்பது கொசுக்கடி. நம் தெருமுனையில் நிற்கும் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் அதை மாட்டினால்தான் கதை நிஜமாகும்.

எனியாக்கை யாரும் வீட்டுக்குக் கொண்டுவரப் போவதில்லை. ஆனால் அதற்கு அடுத்து வந்த இயந்திரங்களை, பீரோ அளவிலும் அடுக்களை அளவிலும் இருந்த 1960, 70-களின் கம்ப்யூட்டர்களை, உலகம் முழுக்க ஆசையாகத் தேடிப்பிடித்து வீட்டில் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் முதலில் மோதி நிற்கும் கேள்வி சாஃப்ட்வேர் பற்றியது அல்ல. இதை எந்த பிளக்கில் சொருகுவது?

வீட்டுக்கு வந்த ராட்சதர்கள்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டேரியன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு வீட்டின் அடித்தள அறையில் ஐ.பி.எம். 1401 இயந்திரம் ஒன்று பல வருஷம் கணக்கு வேலை பார்த்தது. அருங்காட்சியகப் பொருளாக இல்லை, சம்பாதித்துக் கொடுக்கும் இயந்திரமாகவே! அது இப்போது கலிஃபோர்னியாவில் மவுண்டன் வியூ நகரிலுள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2019-இல் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில், கைவிடப்பட்ட கட்டடம் ஒன்றில் கிடந்த ஐ.பி.எம். 360 இயந்திரத்தை இணைய ஏலத்தில் எடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள் இரண்டு ஆர்வலர்கள். அமெரிக்காவில் 18 வயது இளைஞர் ஒருவர், ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் கழித்துப்போட்ட மெயின்ஃபிரேமை வாங்கி அப்பா அம்மா வீட்டின் அடித்தளத்தில் இறக்கினார்.

நம் நாட்டிலும் இந்த இயந்திரங்களுக்குக் குறைவில்லை. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த அதே 1956-இல்தான் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நாட்டின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியது. 1960-இல் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனம் சொந்தமாகவே ‘டிஃப்ராக்’ என்ற கம்ப்யூட்டரைக் கட்டியது. அதில் 2,700 வால்வுகள். பிறகு 1401-கள் கம்பெனிகளுக்கும் ரயில்வேக்கும் வந்தன. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1970-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியின் உதவியாக ஐ.பி.எம். 370 வந்தது. ஹைதராபாத்தின் இ.சி.ஐ.எல். நிறுவனம் டி.டி.சி. வரிசைக் கம்ப்யூட்டர்களைச் செய்தது.

இவை எல்லாவற்றுக்கும் தனி அறை, தனி ஏ.சி., தனி மின்சார ஏற்பாடு இருந்தது. ஒன்றுகூட வீட்டு மின்சாரத்தை நம்பி வடிவமைக்கப்பட்டது அல்ல. ஆயுள் முடிந்ததும் பெரும்பாலானவை இரும்பு விலைக்கு, நம் ஊர் பாஷையில் ஆக்கர் கடைக்குப் போயின. மிச்சம் மீதி இருப்பது இப்போது ஆர்வலர்களின் கையில். வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் ஆள் இல்லாத குடும்பம் குறைவு என்று சொல்லத்தக்க மாவட்டம் இது. கன்டெய்னரில் ஃபிரிட்ஜோடு ஒரு பழைய பி.டி.பி. கம்ப்யூட்டரும் வந்து இறங்குவது நடக்காத காரியமில்லை.

கம்ப்யூட்டர் பைத்தியம் இல்லாதவர்களும் மேலே படிக்கலாம். ஏனென்றால் இங்கே வரும் கணக்கு எல்லாமே இரண்டாவது ஏ.சி.க்கும், மின்சார கார் சார்ஜருக்கும் அப்படியே பொருந்தும்.

சுவருக்குள் எரியும் சால்டரிங் அயர்ன்

நம் வீடுகளில் இரண்டு வகை பிளக் உண்டு. சின்னது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். வயசானவர்கள் இன்னமும் ‘5 ஆம்ப்ஸ், 15 ஆம்ப்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். 230 வோல்ட்டை 16 ஆம்பியரால் பெருக்கினால் 3,680 வாட். ஒரு பிளக்கின் எல்லை அவ்வளவுதான்.

இப்போது இயந்திரங்களைப் பார்ப்போம். 1965-இல் வந்த பி.டி.பி.-8 நிஜமாகவே சாது. 800 வாட்டுக்குள் அடங்கிவிடும், ஒரு இஸ்திரிப் பெட்டி அளவு. 1977-இல் வந்த வேக்ஸ்-11/780 சுமார் 6 கிலோவாட் கேட்கும். 1401-ஐ அதன் கார்டு ரீடர், பிரின்டர் எல்லாவற்றோடும் சேர்த்து ஓட்டினால் பத்து கிலோவாட்டைத் தாண்டும். 1976-இன் கிரே-1 சூப்பர் கம்ப்யூட்டருக்கு 115 கிலோவாட். அதை வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

6 கிலோவாட் என்றால் 26 ஆம்பியர். பிளக்கில் ‘16’ என்று எழுதியிருந்தாலும் 26 ஆம்பியர் அதன் வழியாகப் போகத்தான் செய்யும். கரண்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போகும்போது சூடாக்கிக்கொண்டே போகும்.

அந்தச் சூட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பவர் பிளக்குக்கு வழக்கமாக இழுப்பது இரண்டரை ஸ்கொயர் வயர். மீட்டர் பெட்டியிலிருந்து மாடி அறைக்கு 20 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். போக, வர 40 மீட்டர் செம்புக் கம்பி. அதன் மின்தடை சுமார் 0.3 ஓம். 26 ஆம்பியர் ஓடினால் அந்த வயர் முழுக்கச் சேர்ந்து 200 வாட் சூட்டை உமிழும், சுவருக்குள், பூச்சுக்கு அடியில், பைப்புக்குள். இதில் ஒரு நுட்பம் உண்டு. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும்.

வயர் நீளமாக இருப்பதால் அதன் சூடாவது பரவிவிடும். உண்மையான வில்லன் இணைப்பில் உட்கார்ந்திருப்பான். ஸ்க்ரூ சரியாக முறுக்காத ஒரு சாக்கெட். அங்கே மின்தடை வெறும் 0.1 ஓம். 16 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 25 வாட்டுக்கு மேல் வெந்துகொண்டிருக்கும். ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் அதே 25 வாட்தான். அதைக் கொண்டுபோய் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, ஆறு மணி நேரம் விட்டதற்குச் சமம். பிளக் முனை பழுப்பாகியிருப்பதையும், பொசுங்கிய வாசனையையும் கவனிக்காமல் விடக் கூடாது என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்வது இதனால்தான்.

குமரி மாவட்டத்துக்கு இதில் கூடுதல் பாடு. மரச்சட்டத்தில் கிளிப் அடித்து வயர் ஓட்டிய பழைய ஓட்டு வீடுகள் இன்னும் இருக்கின்றன. சில வீடுகளில் அலுமினிய வயர் கிடக்கும். அலுமினியம் சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, ஸ்க்ரூவைத் தானே தளர்த்திக்கொள்ளும். குளச்சல், முட்டம் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று சாக்கெட்டின் பித்தளையை அரிக்கும். வருஷத்துக்கு இரண்டு பருவமழை. ஈரம் காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். இப்படிப்பட்ட சுவரில் புதுசாக 6 கிலோவாட்டைச் சுமத்துமுன், மீட்டர் பெட்டியிலிருந்து அந்த அறைக்கு மட்டும் தனியாக 6 ஸ்கொயர் அல்லது அதற்கு மேல் செம்பு வயர் இழுத்து, பிளக்கே இல்லாமல் ஐசொலேட்டர் வழியாக நேரடி இணைப்பு கொடுப்பதுதான் ஒழுங்கான வழி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்ற பேச்சுக்கே இடம் கிடையாது.

ட்ரிப் ஆகிறதா? பெரிய எம்.சி.பி. மாட்டாதீர்கள்!

தனி வயர் இழுத்தாகிவிட்டது. ஸ்விட்சைப் போட்டதும் ‘டப்’ என்று எம்.சி.பி. விழுகிறது. இயந்திரத்தில் கோளாறு இல்லை. என்ன காரணம்?

பழைய கம்ப்யூட்டர் என்பது உள்ளபடிக்குப் பெரிய டிரான்ஸ்பார்மர்களும் மோட்டார்களும் சேர்ந்த ஒரு கூட்டம். டிரான்ஸ்பார்மருக்குக் கரண்ட் கொடுத்த அந்த முதல் கணத்தில், வழக்கமாக இழுப்பதைப்போலப் பத்து மடங்குக்கு மேல்கூட இழுக்கும். வாஷிங் மெஷின் அளவு டிஸ்க் டிரைவில் இருக்கும் மோட்டார், நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். கிணற்று மோட்டார் போட்டால் டியூப்லைட் சிமிட்டுவதும் இதே விஷயம்தான்.

வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ‘சி’ வகை எம்.சி.பி. 16 ஆம்பியர் ‘சி’ வகை, 80-இலிருந்து 160 ஆம்பியருக்குள் ஏதோ ஒரு புள்ளியில் உடனே விழும். ‘டி’ வகை இன்னும் பொறுமைசாலி, 160 முதல் 320 வரை. கிளம்பும் கரண்டைத் தாங்க ‘டி’ வகைக்கு மாறுவது சரியான தீர்வாக இருக்கலாம். ஆனால் நிஜமாகவே ஷார்ட் ஆனால் அதை விழவைக்கும் அளவுக்குக் கரண்ட் அந்த லைனில் பாயுமா என்று பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். தவறான தீர்வு நமக்கெல்லாம் பழக்கமானது. அந்தக் காலத்தில் பியூஸ் கட்டையில் ஒரு இழைக்குப் பதில் மூன்று இழை முறுக்கிப் போடுவார்கள். இப்போது 16-ஐக் கழற்றிவிட்டு 32 மாட்டுகிறார்கள். எம்.சி.பி. காப்பது கம்ப்யூட்டரை அல்ல, வயரை. இரண்டரை ஸ்கொயர் வயரின் தலையில் 32 ஆம்பியர் எம்.சி.பி. வைத்தால், வயர் முதலில் வேகும், எம்.சி.பி. அப்புறம்தான் யோசிக்கும்.

அந்தக் காலத்து எஞ்சினியர்கள் இதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உயிர்ப்பிக்க மாட்டார்கள். முதலில் சி.பி.யூ., அடுத்து ஒரு டிஸ்க் வேகம் பிடித்த பிறகு இன்னொன்று என வரிசையாக ஆன் ஆகும்படி கன்ட்ரோல் கேபிள் போட்டிருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவரும்போது அந்த மெலிந்த கேபிளைத்தான் ‘இது எதுக்கு’ என்று முதலில் வெட்டிப்போடுவார்கள். வெட்டக் கூடாது.

மூன்று பேஸ் விவகாரம்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு 4 கிலோவாட்டுக்கு மேல் போனால் மூன்று பேஸ் என்பது நெடுநாள் வழக்கம். எனவே பெரிய இயந்திரம் என்றாலே ஈ.பி. ஆபீசில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பம் போட்டாக வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டு சத்தமில்லாமல் ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு, இப்போதைய மீட்டர்கள் உச்சபட்ச சுமையைப் பதிவு செய்துகொள்ளும் என்பதை நினைவூட்டலாம்.

மூன்று பேஸ் இருக்கிறது என்பதற்காக மூன்று பேஸ் இயந்திரத்தை அப்படியே மாட்டிவிடவும் முடியாது. அமெரிக்க மூன்று பேஸ் என்றால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட், இரண்டு பேஸுக்கு நடுவே 208. நம்முடையது 230, 400. கம்பி எண்ணிக்கை ஒத்துப்போகும், வோல்டேஜ் ஒத்துப்போகாது. நல்ல செய்தியும் உண்டு. பல இயந்திரங்களுக்குள் நிஜமான மூன்று பேஸ் மோட்டார் இருக்காது. சுமையை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதற்காக மட்டுமே மூன்று பேஸ் கேட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பவர் சப்ளையும் தனித்தனி சிங்கிள் பேஸ்தான். சர்க்யூட் படத்தைப் பார்த்து அவற்றைப் பிரித்து ஓட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே நம் ஊருக்கே உரிய இரண்டு ஆபத்துகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, பேஸ் செலக்டர். ஒரு பேஸ் போனால் திருகி அடுத்த பேஸுக்கு மாறும் அந்த சுவிட்ச், சுமை ஓடும்போது திருகுவதற்கு ஆனது அல்ல. 6 கிலோவாட் ஓடும்போது திருகினால் உள்ளே தீப்பொறி பறக்கும், கம்ப்யூட்டருக்கும் ஒரு சாத்து விழும்.

இரண்டாவது, தென்னை மட்டை. காற்றடிக்கும்போது மட்டை விழுந்து லைன் அறுவது இங்கே சர்வ சாதாரணம். அறுந்தது பேஸ் கம்பி என்றால் கரண்ட் போகும், அவ்வளவுதான். அறுந்தது நியூட்ரல் என்றால் கதை வேறு. மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் போனால், வெவ்வேறு பேஸில் இருக்கும் சாமான்கள் ஒன்றோடொன்று தொடராகி 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருக்காது. அதிகம் இழுக்கும் பெரிய சுமைக்குக் குறைந்த வோல்டேஜ், சின்னச் சுமைக்கு முந்நூறுக்கு மேல். மெயின்ஃபிரேம் பிழைத்துக்கொண்டு மோடமும் டி.வி.யும் புகைந்துபோகும் விசித்திரம் இதனால்தான். ஓவர் வோல்டேஜ் வந்தால் சர்க்யூட்டை வெட்டும் கருவியும், இடிக்கு எஸ்.பி.டி. என்ற சர்ஜ் தடுப்பானும் இந்த மாவட்டத்தில் ஆடம்பரம் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி அடித்தபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்ததையும், நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

110-ஐ 230 ஆக்கினால் போதுமா?

அமெரிக்காவிலிருந்து மிக்ஸி கொண்டுவந்து ஊதியவர்களுக்கு 110 வோல்ட் பாடம் தெரியும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கினால் தீர்ந்தது என்று நினைப்போம். பாதிதான் தீர்ந்தது. வோல்டேஜை மாற்றும் டிரான்ஸ்பார்மர், ஃபிரீக்வென்சியை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50.

60-க்குச் செய்த மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். நிமிடத்துக்கு 3,600 சுற்ற வேண்டிய டிஸ்க் 3,000-இல் நிற்கும். எழுதியதைப் படிக்க முடியாது. அதனால்தான் பல பழைய டிரைவ்களுக்கு 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கென்றே வேறு அளவு புல்லி கொடுத்தார்கள். 60-க்குச் சிக்கனமாகச் செய்த டிரான்ஸ்பார்மரில் அதே வோல்டேஜைக் கொடுத்தால் காந்தப்புலம் 20 சதவீதம் கூடி, இரும்பு திணறி, சூடாகும். மவுண்டன் வியூ அருங்காட்சியகத்துக்கு இதே தலைவலி தலைகீழாக வந்தது. அங்கே இருக்கும் இன்னொரு 1401 ஜெர்மனியிலிருந்து போனது, 50 ஹெர்ட்ஸ் இயந்திரம். அதற்காக அமெரிக்க மின்சாரத்தை 50 ஹெர்ட்ஸாக மாற்றிக் கொடுத்து ஓட்டுகிறார்கள். நம் ஊரில் அது சும்மாவே ஓடியிருக்கும்.

அந்த 50-ம் இங்கே எப்போதும் 50 ஆக இருந்ததில்லை. தெற்கு மாநிலங்கள் தனி மின் பின்னலாக இருந்த காலத்தில் ஃபிரீக்வென்சி கீழே சரிவது சகஜம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைந்த பிறகு நிலைமை தேவலை. முப்பந்தல் காற்றாலைகள் வேகம் கூடினாலும் குறைந்தாலும், இப்போது அசைய வேண்டியது நாடு முழுவதுக்குமான ஒரே பின்னல்.

கடையில் கிடைக்கும் மலிவான 110 வோல்ட் கன்வெர்ட்டரில் இன்னொரு பொறி இருக்கிறது. பல ‘ஆட்டோ டிரான்ஸ்பார்மர்’ வகை; உள்ளே ஒரே சுருள், நியூட்ரல் இரண்டு பக்கத்துக்கும் பொது. அந்த நியூட்ரல் அறுந்தால் 110 வரவேண்டிய இடத்தில் முழு 230-ம் வந்து நிற்கும். இரண்டு தனிச்சுருள் கொண்ட ஐசொலேஷன் வகை கனமாக இருக்கும், விலை கூடும். கனத்தைப் பார்த்தே வாங்கலாம்.

எர்த்து உண்டா மக்ளே?

அனுபவமுள்ள ஒரு வயர்மேன் வீட்டுக்குள் வந்ததும் கேட்பது இதைத்தான். கம்ப்யூட்டர் என்ன மாடல் என்பது அவருக்கு ரெண்டாம்பட்சம். அவர் கேட்பதுதான் சரி.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பெட்டியை வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று இழுப்பது நிறையப் பேருக்குத் தெரிந்த அனுபவம். பவர் சப்ளையின் வாசலில் ஒரு ஃபில்டர் இருக்கும். அதிலிருந்து சின்னக் கெப்பாசிட்டர்கள் வழியாக ஒரு துளி கரண்ட் பெட்டிக்குக் கசிவது இயல்பு. எர்த் கம்பி இருந்தால் அது வழியாகப் போய்விடும். எர்த் இல்லையென்றால், பெட்டி 230-இல் பாதியான 115 வோல்ட் அளவில் மிதந்துகொண்டு யார் தொடுவார்கள் என்று காத்திருக்கும். ஒரு டெஸ்க்டாப்பில் இது சுருக்கோடு நின்றுவிடும், ஏனென்றால் கசிவு ஒரு மில்லி ஆம்பியர்கூடத் தேறாது. ஆளுயர இரும்பு அலமாரிகள் ஐந்தாறு, ஒவ்வொன்றிலும் பெரிய ஃபில்டர் என்றால் கசிவு கூடிக்கூடிப் பல மில்லி ஆம்பியர் ஆகும். எர்த் கம்பி கழன்ற நிலையில் அதைத் தொடுவது விளையாட்டு அல்ல.

இங்கேதான் ஆர்.சி.சி.பி. வருகிறது. பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்க்கும் கருவி. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், எங்கேயோ யாரோ ஒருவர் உடம்பு வழியாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். பழைய கம்ப்யூட்டரின் இயல்பான கசிவே அந்த எல்லையை நெருங்கும்போது அடிக்கடி வெட்டும். உடனே வரும் யோசனை இரண்டு. ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிடலாம், அல்லது கம்ப்யூட்டரின் எர்த் பின்னை வெட்டிவிடலாம். இரண்டாவதைச் செய்தால் ட்ரிப் ஆவது அற்புதமாக நின்றுவிடும். கசிவு போக வழியில்லை, அதனால் ட்ரிப் இல்லை. தொடுகிற முதல் ஆள்தான் அந்த வழி.

சரியான வழி, சுமையைப் பிரிப்பது. இரண்டு அலமாரிக்கு ஒரு ஆர்.சி.சி.பி. என்று தனித்தனியாகக் கொடுத்தால் ஒவ்வொன்றின் கசிவும் எல்லைக்குள் நிற்கும். வீட்டு விளக்கும் ஃபிரிட்ஜும் வேறு ஆர்.சி.சி.பி.யில் இருக்க வேண்டும். அதில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும். மாதம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

‘எம்.சி.பி. இருக்கே, எர்த் குழியும் இருக்கே, அது போதாதா?’ என்ற கேள்வி வரும். போதாது. நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் எர்த் என்பது முற்றத்தில் நாம் தோண்டிய குழிதான். உப்பும் கரியும் போட்டு, குழாய் இறக்கி, தண்ணீர் விட்டு மூடியிருப்பார்கள். அதன் மின்தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் காய்ந்த மண்ணிலும் கடலோர மணலிலும் இதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். பேஸ் கம்பி அலமாரியில் பட்டுவிட்டது. 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது தினப்படிச் சுமை. விழவே விழாது. அலமாரி முழுக்கக் கிட்டத்தட்ட 230 வோல்ட்டோடு நிற்கும், எல்லாம் ஓடிக்கொண்டும் இருக்கும். ஆர்.சி.சி.பி. மட்டுமே இதைக் கண்டுபிடிக்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போட்டு 110-இல் ஓட்டினால், அதற்கு அந்தப் பக்கத்துக் கசிவு இந்தப் பக்கத்து ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது, அங்கே ஒரு முனையை எர்த் செய்து தனியாக ஒன்று வைக்க வேண்டும்.

எர்த் குழியின் மின்தடையை அளக்க மீட்டர் உண்டு. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்களிடம் இருக்கும். பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் கொடுத்து ‘எரியுது, எர்த்து நல்லாருக்கு’ என்று சொல்வது சோதனை அல்ல. 60 வாட் பல்புக்குக் கால் ஆம்பியர் போதும். மோசமான எர்த்திலும் எரிந்து தொலைக்கும்.

முதல் தடவை போடும்போது

பதினைந்து இருபது வருஷம் சும்மா கிடந்த இயந்திரத்துக்கு நேரடியாக 230 கொடுத்தால் முதலில் போவது எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் நலிந்திருக்கும். வெடிக்கும், அல்லது கொதித்து ஒழுகும். பழைய பி.பி.சி. மைக்ரோவின் பவர் சப்ளையில் இருக்கும் காகித வகைக் கெப்பாசிட்டர் நாற்றமான புகையோடு வெடிப்பதற்குப் பெயர்போனது. 1980-களில் ‘கிளாஸ்’ திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த கம்ப்யூட்டர் அதுதான் என்பதால், இங்கே யாருடைய பரணிலாவது ஒன்று கிடக்க வாய்ப்பிருக்கிறது.

இதற்கான மருந்து நம் ரேடியோ ரிப்பேர்க் கடைகளில் எப்போதோ இருக்கிறது. சீரிஸ் போர்டு. ஒரு குண்டு பல்பைத் தொடராக வைத்து அதன் வழியாகக் கரண்ட் கொடுப்பது. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே நின்றால் உள்ளே ஷார்ட். அப்போதும் போகும் கரண்ட் பல்பின் அளவைத் தாண்டாது. வேரியாக் இருந்தால் இன்னும் நல்லது, 30, 40 வோல்ட்டில் தொடங்கி மணிக்கணக்கில் மெல்ல ஏற்றலாம். எல்.இ.டி. பல்பு சீரிஸுக்கு ஆகாது. 1980-களுக்குப் பிறகு வந்த ஸ்விட்சிங் வகை பவர் சப்ளைகள் குறைந்த வோல்டேஜில் திக்கித் திணறும் என்பதால் அவற்றுக்கு இந்த முறை அரைகுறையாகத்தான் பலிக்கும்.

வீட்டு இன்வெர்ட்டரில் இதையெல்லாம் முயல வேண்டாம். 800 வி.ஏ. சதுர அலை இன்வெர்ட்டர் ஃபேனையே முனக வைக்கிறது. பழைய டிரான்ஸ்பார்மர் அதில் சூடாகும், கிளம்பும் கரண்டுக்கு இன்வெர்ட்டரே படுத்துவிடும்.

இன்னொன்று, ‘உள்ளே வெறும் 5 வோல்ட்தானே’ என்ற அலட்சியம். வேக்ஸ் போன்ற இயந்திரங்களின் பவர் சப்ளை 5 வோல்ட்டில் 100 ஆம்பியர் கொடுக்கும். ஷாக் அடிக்காது. ஆனால் விரலில் இருக்கும் மோதிரம் இரண்டு பட்டைக்கு நடுவே பட்டால் வெல்டிங் மாதிரி சிவக்கும். கையைக் கழுத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டுதான் கதவைத் திறக்க வேண்டும். ஆஃப் செய்த பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. முதல் நாள் ஆன் செய்யும்போது தனியாக இருக்கக் கூடாது. மெயினை வெட்டத் தெரிந்த ஒருவர் மீட்டர் பெட்டிப் பக்கம் நிற்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில். வாளித் தண்ணீர் உதவாது.

இத்தனையும் செய்து முடித்தால், 6 கிலோவாட் இயந்திரம் ஒரு மணி நேரம் ஓட 6 யூனிட். உள்ளே போன கரண்ட் அத்தனையும் சூடாக வெளியே வரும் என்பதால் அறையைக் குளிர்விக்க ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று போதாது. ஒரு டன் ஏ.சி. வெளியேற்றுவது மூன்றரைக் கிலோவாட் சூடு; கணக்குப்படி இரண்டு டன்னாவது வேண்டும், அதற்கும் தனி லைன். புழுக்கமான மே மாதத்தில் இன்னும் கூட.

இதனால் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களில் பலர் அதைத் தினமும் ஓட்டுவதில்லை. மவுண்டன் வியூவிலேயே 1401-ஐ வாரத்தில் சில மணி நேரம், பார்வையாளர்களுக்காகத்தான் போடுகிறார்கள். மற்ற நேரத்துக்கு ‘சிம்ஹெச்’ என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை போர்டில் அதை ஏற்றினால் வேக்ஸ்-11/780 முழுசாக அதற்குள் ஓடும், அசலைவிட வேகமாக. அதற்கு ஃபோன் சார்ஜர் போதும்.